உடைந்த ஓட்டில் பசை வேண்டாம்: உப்புவெளியில் ஓர் ஆமையைத் தேற்றிய அனுபவம்

ஆமையின் ஓடு உடைந்தால் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது அதை ஒட்டிவிட வேண்டும் என்பதுதான். நாய் கடித்த ஆமையொன்று திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் தேறிவந்த காலம் முழுவதும் நான் அதிகம் கேட்ட யோசனையும் அதுதான். இரக்கப்பட்டுப் பூசும் அந்தப் பசையே ஆமையைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மணி எங்கள் வீட்டு ஆமை அல்ல. ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பிள்ளைகள் மீன்தொட்டிக் கடையில் வாங்கியது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள, அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட சிவப்புக் காது ஆமை. வாங்கும்போது இவை உள்ளங்கைக்குள் அடங்கும். பெண் ஆமை வளர்ந்தால் சோற்றுத் தட்டளவு வரும், முப்பது வருடமும் அதற்கு மேலும் இருக்கும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போனபோது மணி வளவுக்குள் இருந்த சிமெந்துத் தொட்டியில் விடப்பட்டது. மழைக்குத் தொட்டி நிரம்பியதும் ஏறி வெளியே வந்திருக்கிறது. ஒழுங்கை நாய்கள் பிடித்துவிட்டன.

நான் தூக்கியபோது வலப்பக்கப் பின் ஓரம் சப்பப்பட்டு நொறுங்கியிருந்தது. அங்கிருந்து மேலோட்டில் வெடிப்புகள் ஓடின. ஓரத்தில் ஒரு துண்டு அசைந்தது. மண்ணும் நாயின் எச்சிலும் இரத்தமும் கலந்திருந்தன. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சத்தமாக மூச்சுவிட்டது. அந்த மூச்சைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு ஆறியது.

அம்மா வாசலிலேயே மறித்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படுமா பிள்ளை?" அவரோடு வாதாட அப்போது நேரமில்லை. விறாந்தையில் மேசை போட்டேன்.

தண்ணீர் ஆமைதானே என்று காயத்தோடு தண்ணீரில் விடக்கூடாது. இதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். ஆமையின் நுரையீரல் மேலோட்டுக்கு நேர் கீழே ஒட்டினாற்போல் இருக்கிறது. வெடிப்பு ஆழமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். காயத்தில் மூச்சோடு சேர்ந்து குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் நுரையீரல் வரை திறந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். மணிக்குக் குமிழி வரவில்லை. பின்கால் விரலை மெல்ல நுள்ளினேன், காலை இழுத்துக்கொண்டது. முள்ளந்தண்டு மேலோட்டோடு ஒன்றாய் வளர்ந்திருப்பதால், நடு முதுகில் உடைந்தால் பின்கால்கள் செயலிழந்துவிடலாம். அந்தக் கால் அசைந்தது பெரிய நிம்மதி.

ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வெடிப்புகளை வெளிப்பக்கமாகக் கழுவினேன். பிறகு பொவிடோன் அயடீனை வெளிறிய பிளேன்ரீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் விட்டுக் கலந்து ஒற்றினேன். போத்தலில் இருக்கிற கடும் நிறத்தோடே ஊற்றினால் புதிதாக வளர வேண்டிய சதையும் கருகும். இரத்தம் கசிந்த இடத்தில் சுத்தமான துணியை வைத்து, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் விட்டு, அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

அங்கே போவதற்கு முன்னரே ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கொட்பே துறைமுகத்தில் படகு திருத்தும் அண்ணன் ஒருவர் பைபர் துணியும் ரெசினும் கொண்டு வந்துவிட்டார். "தங்கச்சி, ரெண்டு படை போட்டு விட்டா கடலுக்குள்ள விட்டாலும் தண்ணி ஏறாது." அவர் வேலையில் கெட்டிக்காரர், அவர் அடைத்த படகில் தண்ணீர் ஏறாது. மிருக வைத்தியர்களே ஒரு காலத்தில் ஆமை ஓட்டுக்கு இப்படிப் பைபர் போட்டிருக்கிறார்கள், ஆகவே அவர் சொன்னதை அறியாமை என்று தள்ள மாட்டேன். ஆனால் படகின் பலகைக்கு உயிர் இல்லை. டொக்டர் இதைத்தான் எனக்கு விளக்கினார்: "அக்கா, இது எலும்பு. மேல இருக்கிற தகடு மட்டும்தான் நகம் மாதிரி. கீழ இரத்தம் ஓடுது, நோகும். நாய் வாய்க் கிருமி உள்ள இருக்கும்போது மேல மூடினா காற்றுப் படாம உள்ளுக்க சீழ் கட்டும். வெளியில ஒண்டும் தெரியாது. ஒரு நாள் சாப்பிடாமப் படுக்கும், அவ்வளவுதான்."

டொக்டர் பேராதனையில் தன்னோடு படித்த ஒருவருக்கு வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பிப் பேசினார். நாட்டில் மிருக வைத்தியப் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. மாடும் ஆடும் நாயுமே வரும் இடத்தில் ஆமைக்காக அவர் எடுத்த அக்கறையை நான் மறக்க மாட்டேன்.

முதலில் மருந்து ஏற்றவில்லை. காய்ந்து போயிருந்த உடம்புக்கு நீர் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஊசி மருந்து சிறுநீரகத்தைத் தாக்கிவிடும். காயம் நனையாத அளவுக்கு ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் அதை இருக்க விட்டோம். பிறகுதான் நோவுக்கும் கிருமிக்கும் ஊசி. செஃப்டாசிடிம் என்ற மருந்தை 72 மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான் போடுவது. ஊர்வனவின் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேற்றும். ஊசியை முன்காலில்தான் போட்டார். பின்காலிலிருந்து வரும் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடிய அமைப்பு ஆமைக்கு உண்டு, அதனால். அளவை நிறை பார்த்து வைத்தியர்தான் கணிக்க வேண்டும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாயின் சொறிக்கும் உண்ணிக்கும் கொடுக்கிற ஐவர்மெக்டினை ஆமைக்கு ஒரு துளியும் கொடுக்காதீர்கள். புழு விழுந்த காயம் என்று பதறி அதைத் தேடாதீர்கள். ஆமைக்கு அது நஞ்சு, செத்துப்போகும்.

அசையும் துண்டை நிலையாக நிறுத்த டொக்டர் செய்த வேலை எனக்கு அதிசயமாக இருந்தது. தையல் கடையில் சட்டைக்குத் தைக்கும் கொளுக்கிகளை வாங்கிவரச் சொன்னார். வெடிப்புக்கு இரு பக்கமும், உடையாத நல்ல தகட்டின் மேல் மட்டும், அவற்றைப் பசையால் ஒட்டினார். காய்ந்த பின் கொளுக்கிகளை மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டினார். வெடிப்பின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டன. வெடிப்புக்குள் ஒரு பொட்டுப் பசையும் போகவில்லை, கழுவவும் மருந்து பூசவும் திறந்தபடியே இருந்தது. பைபர் அண்ணன் இதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சரியான வேலை" என்றார்.

பிறகு தொடங்கியதுதான் உண்மையான வேலை, நாளாந்தம் வீட்டில் செய்வது. பெரிய பிளாஸ்டிக் பேசினில் வெள்ளைத் துவாய் விரித்தேன். வெள்ளை என்றால் இரத்தமோ சீழோ புழுவோ உடனே கண்ணில் படும். மேலே நுளம்பு வலை, ஏனென்றால் எங்கள் பக்கத்து வெக்கையில் பெரிய எதிரி ஈதான். ஈ முட்டையிட்டால் வெடிப்பில் வெள்ளைத் துணுக்குகளாக ஒட்டியிருக்கும், அடுத்த நாளே புழு. காலையும் மாலையும் ரோச் அடித்து வெடிப்பைப் பார்த்தேன். எறும்பு ஏறாமல் இருக்க மேசைக் கால்களை தண்ணீர் ஊற்றிய பால்மாப் பேணிகளில் நிறுத்தினேன். காயத்தைக் கழுவி, உலரவிட்டு, தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் களிம்பை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத துணியால் மூடுவேன். அவ்வளவுதான். நாளுக்கு நாள் ஒரே வேலை, எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. பாலூட்டிகளின் காயம் ஆறுகிற வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆமையின் அருகில் இருந்தால் நம்பிக்கை போய்விடும். ஓட்டெலும்பு கூடிவரப் பல மாதம் எடுக்கும், ஒரு வருடமும் தாண்டலாம்.

மணி சாப்பிடவில்லை. எனக்குப் பயம், டொக்டருக்குப் பயமில்லை. நீர் சேர்ந்திருந்தால் ஆமை வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், வாயைத் திறந்து திணிக்க வேண்டாம் என்றார். இந்த வகை ஆமைக்குத் தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டேன். அதனால் உலர்வாக வைத்திருக்கும் காலத்திலும் ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் ஆழமில்லாத தண்ணீரில் விட்டு, அங்கேதான் தீனியைக் காட்ட வேண்டும். வாழைமரத்தடியில் கிண்டி எடுத்த மண்புழுவைக் கண்டுதான் முதலில் வாயைத் திறந்தது. அன்றைக்கு நான் வேலைக்குப் பிந்திப் போனேன்.

நாய்க்கடிக்கு முன்னரே அதன் உடம்பு கெட்டிருந்தது. சோறும் பாணும் தின்று, கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ந்த ஆமை. கண்மடல் வீங்கியிருந்தது விற்றமின் ஏ குறைவால், ஓட்டின் ஓரம் அமுங்கியது கல்சியமும் வெயிலும் இல்லாததால். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு வெயில் காட்டினேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எலும்புக்கு வேண்டிய புறஊதாக் கதிரை அந்தக் கண்ணாடி மறித்துவிடும். காலை வெயிலில் நேரே வைக்க வேண்டும். பேசினில் பாதி நிழலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் சற்று நேரத்திலேயே அவிந்துவிடும். விற்றமின் ஏ கூடினாலும் தோல் உரியும் என்பதால் ஊசி போடாமல் தீனியாலேயே சரிசெய்தோம்: துருவிய கரட், பூசணி, இடைக்கிடை ஒரு துண்டு ஈரல். அன்றாடத் தீனி கங்குன் கீரை, முள்ளோடு நறுக்கிய நெத்தலி.

கல்சியத்துக்குக் கடையே தேவைப்படவில்லை. எங்கள் கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். உப்புப் போக நல்ல தண்ணீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, காயவைத்துத் தூளாக்கி மீனில் தூவலாம். அந்த வேலையை ஒரு கட்டத்தில் அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டார். உருப்படாது என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம் தேவை. ஆமை நோயில்லாமல் இருந்தாலும் அதன் உடம்பில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். பேசினையும் துவாயையும் குசினிப் பக்கம் கொண்டுபோகாமல் வெளிக்குழாயடியில் கழுவினோம், தொட்டவர் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினோம். 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்ததும் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி தொற்றியதால்தான்.

வாடை மழை தொடங்கியபோது ஒரு முறை மூக்கில் குமிழி வந்தது, வாயைத் திறந்து மூச்சுவிட்டது. குளிர் பட்டால் ஆமைக்குச் சளி சுவாசப்பையில் இறங்கிவிடும். பேசினின் ஒரு மூலையில் வெப்ப பல்பைக் கட்டி 30 பாகை அளவுக்குக் கொண்டுவந்தோம், டொக்டர் மீண்டும் ஊசி போட்டார், தேறியது.

அதே மழைக்காலத்தில் கன்னியா வீதியில் வாகனம் தட்டிய கறுப்பு ஆமை ஒன்றைத் தம்பி தூக்கி வந்தான். அதை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. நம் குளங்களில் வாழும் கறுப்பு ஆமை, பாலாமை, காட்டுப் பக்கத்து நட்சத்திர ஆமை, ஐந்து வகைக் கடலாமை எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உலர்ந்த பெட்டியில் வைத்து, 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கே எடுத்தோம் என்பதைக் குறித்துக் கொடுப்பது முக்கியம், தேறிய பிறகு அதே இடத்தில்தான் விட வேண்டும். நட்சத்திர ஆமை நிலத்து ஆமை, அதற்கு நீந்தத் தெரியாது. கழுவுகிறேன் என்று கிணற்றுத் தொட்டியில் போட்டால் மூழ்கிவிடும்.

மணியின் ஓரத்துத் துண்டு பிழைக்கவில்லை. மாதங்கள் கழித்து, உயிரற்ற எலும்பாக வெளுத்து, தானே கழன்று விழுந்தது. பதறிப்போய்ப் பார்த்தால் கீழே இளஞ்சிவப்பில் புதிய படை மூடியிருந்தது. வெடிப்புகள் இறுகிய பிறகு டொக்டர் கம்பியை வெட்டி, கொளுக்கிகளைக் கழற்றினார். தண்ணீரில் முதலில் சிறிது நேரம், பிறகு அரை நாள் என்று கூட்டிக்கொண்டே போனோம். சரியாமல் நேராக நீந்துகிறதா என்று பார்ப்பேன், ஒரு பக்கம் சரிந்தால் நுரையீரலில் கோளாறு இருக்கலாம். நேராகவே நீந்தியது.

"சுகமாகிவிட்டதே, கந்தளாய்க் குளத்தில் கொண்டுபோய் விடுங்களேன்" என்று இப்போது சொல்கிறார்கள். விட முடியாது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் குளத்தில் விட்டால் வெயில் காயும் கட்டையையும் இரையையும் நம் ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும், நோயையும் கொடுக்கும். வளர்க்க முடியாதவர்கள் வளர்க்கக்கூடிய ஒருவரைத் தேடிக் கொடுக்க வேண்டும், அதுவரை வைத்திருக்க வேண்டும். குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிட்டு மனதை ஆற்றிக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மணிக்கு முன்கால் நகங்கள் கட்டை, ஆகவே பெண். சோடி இல்லாவிட்டாலும் முட்டை வரும், அதை இட மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளே தங்கி ஆமை சாகவும் கூடும். ஆகவே பின்வளவில் தொட்டி கட்டி, ஏறிப்போக முடியாத உயரத்துக்குச் சுவர் எழுப்பி, ஒரு பக்கத்தில் மணல் மேடு போடுகிறோம். சுவரின் உட்பக்கத்தை பைபர் அண்ணன் தன் கையாலேயே பூசித் தருகிறார். மணலும் நாய் பாயாமல் இருக்க மேல் வலையும்தான் மிச்சம். வாடைக்கு முன் முடித்துவிட வேண்டும்.