இரண்டு கடவுச்சீட்டும் ஒரு டிக்கெட்டும்

ஜூலை 19, ஸ்காபரோ

டிக்கெட்டை எந்தப் பெயரில் எடுப்பது என்பதிலேயே பாதி நாள் போயிற்று. இலங்கைக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரோடு இருக்கிறேன், கனடாக் கடவுச்சீட்டில் கணவரின் பெயரோடு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கனடாவுக்கு விமானம் ஏறக் கனடாக் கடவுச்சீட்டு வேண்டும் என்பது 2016 நவம்பரிலிருந்து கட்டாயம். ஆகவே டிக்கெட் கணவர் பெயரில். திருமணச் சான்றிதழும் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழும் கைப்பைக்குள் போய்விட்டன.

ஜூலை 20, ரொறன்ரோ

விமான நிறுவனக் கவுண்டரில் இருந்த பெண் கனடாக் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, இலங்கை விசா எங்கே என்றாள். மற்றதை நீட்டினேன். பெயர் பொருந்தவில்லை என்றாள். திருமணச் சான்றிதழை நீட்டினேன். மேலதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பெட்டி உள்ளே போனது. கனடாவை விட்டுப் போகும்போது குடியகல்வுச் சோதனை கிடையாது, முத்திரையும் விழாது.

ஜூலை 22, கட்டுநாயக்க விமான நிலையம்

இலங்கையர் வரிசை. ஒரு முத்திரை, அவ்வளவுதான். சுற்றுலா விசாவில் வருவோருக்குள்ள முப்பது நாள் கணக்கு எனக்கில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நிம்மதியாக நிற்கலாம்.

ஆகஸ்ட் 3, யாழ்ப்பாணம்

பக்கத்து வீட்டுக்கு லண்டனிலிருந்து வந்திருப்பவர், பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் காலாவதியாகவில்லை, அது போதும் என்கிறார். போதாது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். 1987 திருத்தம் தந்த வழியில் விண்ணப்பித்துத்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும். சொன்னேன், சிரித்தார்.

பெரியப்பாவுக்கு வேறு கவலை. "அப்ப பிள்ளை எம்.பி. ஆகலாமோ?" 2022இல் வந்த அரசியலமைப்பின் இருபத்தோராம் திருத்தம் அந்த வாசலை அடைத்துவிட்டது என்றேன். எனக்குள்ள கவலை வேறு. இங்கே ஏதாவது சிக்கல் வந்தால் கனடாத் தூதரகம் ஓரளவுக்கு மேல் தலையிட முடியாது. ஒருவர் எந்த நாட்டின் குடிமகனோ, அந்த நாட்டுக்கு எதிராக அவருடைய இன்னொரு நாடு பாதுகாப்புக் கோர முடியாது என்று 1930 ஹேக் உடன்படிக்கையே சொல்கிறது. இதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, கட்டுநாயக்க

இணையத்தில் பதிவு செய்யும்போது கனடாக் கடவுச்சீட்டு எண்ணைப் போட்டேன். குடியகல்வு அதிகாரி இலங்கைக் கடவுச்சீட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கனடா விசாவைத் தேடினார். கனடாக் கடவுச்சீட்டைக் கொடுத்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படங்களை ஒப்பிட்டார். ஒன்றில் பொட்டு இருக்கிறது, மற்றதில் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் மட்டும் முத்திரை குத்தி இரண்டையும் திருப்பித் தந்தார். டோஹா விமானம் ஒரு மணி நேரம் தாமதமாம்.