இடது கைக்கு வேலையில்லாத மோட்டார் சைக்கிள்: 2023ஆம் ஆண்டு நாட்குறிப்பு

மார்ச் 25, சனிக்கிழமை

வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இத்தாலியின் அப்ரிலியா மானா 850 ஜி.ரி., கிளச் பிடியே இல்லாத 2010ஆம் ஆண்டு வண்டி, 37,400 கிலோமீற்றர் ஓடியது. நான் இருக்கும் சுவிஸ் பேர்ணிலிருந்து எமென்டால் பக்கம் போய், லாங்னவுக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் வாங்கினேன். விற்றவருக்கு 78 வயது. வண்டியோடு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியையும் தந்தார். பெற்றோல் அடித்த ஒவ்வொரு நாளும், எத்தனை லீற்றர், எத்தனையாவது கிலோமீற்றர் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். நடுவில் ஒரேயொரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு: 19,910இல் பெல்ற் (கியருக்குப் பதிலாக வேலை செய்யும் பட்டி) மாற்றியது. அந்த வரியில் விரலை வைத்து, "அடுத்ததை மாற்ற 40,000ஐத் தாண்ட விடாதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார்.

வீடு வரும் வழியில் முதல் சிவப்பு விளக்கில் என் இடது கை தானாகக் கிளச்சை, கியர் மாற்றவும் நிறுத்தவும் பிடிக்கும் பிடியை, தேடியது. கைப்பிடிக்கு முன்னால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. விரல்கள் காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பின. நெஞ்சு ஒரு கணம் திக்கென்றது. வண்டியோ ஒன்றும் நடவாததுபோல் நின்று கொண்டிருந்தது.

ஏப்ரல் 1, சனிக்கிழமை

ஏன் இந்த வண்டி என்று மூத்த மகள் தொலைபேசியில் கேட்டாள். 63 வயதில் மோட்டார் சைக்கிள் ஓடுவதையே விட்டுவிடலாமே என்பது அவளுடைய எண்ணம். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்.

29 வருடங்களாக ஒரு ஹோட்டல் சமையலறையில் நிற்கிறேன். வலது கையில் கத்தியோ அகப்பையோ இருக்கும். இடது கை எப்போதும் சட்டியைத் தூக்கும் கை. இரும்புச் சட்டியை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சுழற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. போன வருடம் இடது பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது என்று படம் எடுத்துக் காட்டினார்கள். போத்தல் மூடி திறக்க வலிக்கிறது. பழைய வண்டியின் கிளச்சைப் பிடித்துக்கொண்டு தூண் நகரத்து நெரிசலில் பத்து நிமிடம் நின்றால், இரவு முழுவதும் மூட்டு விண்விண் என்று தெறிக்கும். அதைப் போன ஐப்பசியில் விற்றேன். விற்ற அன்று சாப்பிட மனம் வரவில்லை.

எனக்கு வலிப்பது ஒரு விரல். கண்ணும் காலும் முதுகும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு விரலுக்காக முழு மனிதனும் வீட்டில் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, மழைக்குப் போடும் உடுப்பு இருக்கிறதா என்று கேட்டாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை

புத்தாண்டு. கோயிலுக்கு வண்டியிலேயே போனேன். எங்கள் கோயில் பேர்ணின் ஒய்ரோப்பாபிளாட்ஸில், பல சமயத்தவரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் சமயங்களின் இல்லத்துக்குள் இருக்கிறது. பூசை முடிந்து வெளியே வந்தால் வண்டியைச் சுற்றி நாலைந்து பேர்.

பெற்றோல் ராங்கி இருக்க வேண்டிய இடத்தை நான் திறந்து, உள்ளேயிருந்து அர்ச்சனைத் தட்டையும் வாழைப்பழச் சீப்பையும் எடுத்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மானாவில் அந்த இடம் ஒரு பெட்டி. முழுத் தலைக்கவசம் ஒன்று தாராளமாக அடங்கும். பெற்றோல் இருப்பது இருக்கைக்கு அடியில், 16 லீற்றர். ஊற்றுவதற்குப் பின்னிருக்கையைத் தூக்க வேண்டும். பெற்றோல் நிலையங்களில் இதுவரை மூன்று பேர் என்னிடம் வந்து, தவறான இடத்தில் ஊற்றுகிறீர்கள் என்று பதறியிருக்கிறார்கள்.

"அப்படியென்றால் இது ஸ்கூட்டர்தானே அண்ணை?" என்று ஒரு தம்பி கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. உள்ளே இருப்பது ஸ்கூட்டரின் தத்துவந்தான்: இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ற். கப்பியின் இரு பக்கமும் நெருங்கினால் பெல்ற் விளிம்புக்கு ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். கியர் என்று படிப்படியாக எதுவும் இல்லாமல் விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். ஸ்கூட்டரில் அந்த நெருக்கத்தை உருளைகள் சுழலும் விசையால் செய்கின்றன. மானாவில் ஒரு சிறு மின்மோட்டார் செய்கிறது, அதற்குக் கணினி கட்டளை இடுகிறது. ஆகவே மழைக்கு ஒரு போக்கு, சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று மாற்றலாம். வேண்டுமானால் ஏழு கியர் உள்ள வண்டிபோலவும் நடக்கும். பொத்தானாலோ காலாலோ ஏற்றி இறக்கலாம், அப்போதும் கிளச் தேவையில்லை. மற்றதெல்லாம் மோட்டார் சைக்கிள்: 839 சி.சி., இரட்டைச் சிலிண்டர், 76 குதிரைவலு, பின்சில்லுக்குச் சங்கிலி, இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடிக்க ஓர் உடல்.

தம்பி கேட்டுவிட்டு, தன் தகப்பனாருக்கும் முழங்கை வலி என்றார்.

ஏப்ரல் 22, சனிக்கிழமை

இன்று வண்டி விழுந்தது. பிழை என்னுடையது. சரிவான ஒரு தரிப்பிடத்தில், பக்கக்காலில் நிறுத்திவிட்டுப் போனேன். பழைய வண்டியை முதலாம் கியரில் விட்டால் அசையாது. இதற்கு அப்படியொரு பிடிப்பு இல்லை. இயந்திரம் நின்றால் பின்சில்லு சும்மா உருளும். அதற்காகவே தனியாக ஒரு நிறுத்தப் பிரேக் வைத்திருக்கிறார்கள், அதை இழுக்க மறந்துவிட்டேன். பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, பக்கக்கால் மடிந்து, ஒரு பெரிய மாடு படுப்பதுபோல் இடப்பக்கம் சாய்ந்தது. ஓடினேன், எட்டவில்லை.

இரண்டு இளைஞர்கள் தூக்கிவிட்டார்கள். கண்ணாடி உடைந்தது, கைப்பிடி நுனியில் கீறல். சாவியை எடுக்கும்முன் பிரேக் என்று காகிதத்தில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை

நாள் முழுவதும் மழை. வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது அப்பாவின் ஹொண்டா 50 நினைவுக்கு வந்தது.

அதிலும் கிளச் பிடி இல்லை. மூன்று கியர், காலால் மிதித்தால் போதும், கிளச் தானாக விலகிச் சேரும். 1958இல் ஜப்பானில் அந்த வண்டியைச் செய்தபோது, நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தார்கள். சமிக்ஞை விளக்குப் பொத்தானையும் வலது பக்கமே வைத்தார்கள். பருத்தித்துறையில் எங்களுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அப்பாவின் இடது கையில் நூடுல்ஸ் தட்டுக்குப் பதிலாக நான் இருந்தேன். முன்னால், கால்காப்புத் தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் என்னை நிற்க வைப்பார். வலது கை ஓட்டும். இடது கை என் நெஞ்சைச் சுற்றியிருக்கும். நெல்லியடிக்குப் போய் வருவோம். அந்தக் கையில் சைக்கிள் கடை ஒயில் மணமும் புகையிலை மணமும் கலந்திருக்கும்.

மோட்டார் சைக்கிள் என்றால் கிளச் இருக்க வேண்டும் என்று எப்போது நம்பத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. நான் ஏறிய முதல் வண்டியிலேயே அது இல்லை.

மே 20, சனிக்கிழமை

ஷாலன்பெர்க் கணவாய் வரை போய் வந்தேன். 1,167 மீற்றர்தான், உயரம் பெரிதில்லை. ஆனால் பேர்ண் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் எல்லோரும் சனி, ஞாயிறில் கூடும் இடம். இந்த நாட்டில் எதிரே வரும் வண்டிக்காரருக்கு இடது கையைத் தாழ்த்தி வணக்கம் சொல்வது வழக்கம். கடந்த இரண்டு வருடங்களாக நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடியை விட்டு மறுபடி பிடிக்கும்போதுதான் மூட்டு அதிகம் வலிக்கும். இன்று போகும்போதும் வரும்போதும் ஒருவரையும் விடவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, சனிக்கிழமை

சுஸ்டன் கணவாய். காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். தூண், பிரியன்ஸ், மைரிங்கன், இனெர்ட்கிர்ஹன். அங்கிருந்து ஏற்றம். 1946இல் திறந்த பாதை, மோட்டார் வண்டிக்கென்றே அளந்து வெட்டியது. வளைவுகள் எல்லாம் பெரிய மனத்தோடு வளைகின்றன. காட்மன் கிராமத்தைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, பாறையும் நீரும் மட்டும்.

இந்த வண்டியில் கொண்டையூசி வளைவு எடுப்பதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு வளைவிலும் தடுமாறினேன். வழக்கம்போல அக்சிலேற்றரை முழுக்க மூடிக்கொண்டு நுழைந்தேன். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் உள்ளே தானாக இயங்கும் கிளச் விலகிவிட்டது. சில்லுக்கு இழுவை இல்லை. வண்டி சைக்கிள்போல உருண்டு, வளைவின் நட்ட நடுவில் உள்பக்கம் சாயப் பார்த்தது. பதறி முறுக்கினால் கிளச் மறுபடி பிடித்து ஒரு உந்து உந்தும். இரண்டும் நல்லதல்ல.

மூன்றாவது வளைவில் அக்சிலேற்றரை ஒரு நூலளவு திறந்தே வைத்துக்கொண்டு, பின்பிரேக்கை வலது காலால் லேசாக அழுத்தினேன். இழுவையும் அறவில்லை, வேகமும் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே வண்டி ஒரு கயிற்றில் கட்டியதுபோல் சுற்றி வந்தது. சோற்றுக்கு அடுப்பைக் குறைத்து வைப்போமே, அணையவும் விடாமல் பொங்கவும் விடாமல், அதே பக்குவம். பிறகு எனக்கு வேலையே இல்லை. எந்தக் கியரில் இருக்கிறேன், எங்கே குறைக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் மனதில் ஓடவில்லை. வளைவு முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் இத்தனை வருடம் ஓடியும் இவ்வளவு பார்த்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்ரைன் பனியாற்றுக்கு எதிரே நிறுத்தினேன். நிறுத்தப் பிரேக்கை இழுத்தேன். பனி பின்வாங்கிப் பின்வாங்கி மேலே ஏறிவிட்டது, அது விட்டுச்சென்ற இடத்தில் ஏரி. பெட்டிக்குள் இருந்த இடியப்பப் பார்சல் நசுங்காமல் இருந்தது. கையுறையைக் கழற்றி இடது பெருவிரலை மடக்கிப் பார்த்தேன். வலி இல்லை என்று எழுதினால் பொய். காலையில் இருந்த அளவுதான் இருந்தது.

ஜூலை 17, திங்கட்கிழமை

39,640 கிலோமீற்றர் ஆகிவிட்டது. பெல்றுக்கு ஜூன் தொடக்கத்திலேயே ஒரு கராஜில் சொல்லி வைத்திருந்தேன். இன்று விசாரித்தால், கட்டளை அனுப்பவே இல்லை என்கிறார்கள். இந்த வண்டியை அவர்கள் திறந்து பார்த்ததும் இல்லையாம். இன்று வேறொரு கராஜுக்குப் போனேன். முதியவர் ஒருவர் சேசிஸ் எண்ணைக் கேட்டு எழுதி, இத்தாலிக்கு என் முன்னாலேயே அனுப்பினார். ஐந்து, ஆறு கிழமை ஆகும்.

தயாரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அரிய வண்டியை வைத்திருப்பவர் காத்திருக்கப் பழக வேண்டும். ஆனால் கோடையில் ஆறு கிழமை என்பது சுவிஸில் அரைக் கோடை. இன்று மனம் கசந்துதான் கிடக்கிறது.

ஆகஸ்ட் 26, சனிக்கிழமை

பெல்ற் வந்து, மாற்றியும் ஆயிற்று. கழற்றிய பழைய பெல்றைக் கேட்டு வாங்கினேன். இரு விரல் அகலத்துக்கு மேல் இருக்கிறது, உட்புறம் பல் பல்லாக, ஓரங்கள் கண்ணாடிபோல் மினுங்கத் தேய்ந்திருக்கின்றன. வளைத்துப் பார்த்தால் பற்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள். 78 வயதுக்காரர் சொன்னது வீண் எச்சரிக்கை அல்ல.

அவருடைய கொப்பியில், சிவப்புக் கோடு போட்டு எழுதினேன்: 39,782இல் பெல்ற் மாற்றியது. ஜெர்மன் வரிகளுக்குக் கீழே முதல் தமிழ் வரி.

செப்டெம்பர் 9, சனிக்கிழமை

மூன்று கணவாய்கள் ஒரே நாளில்: சுஸ்டன், புர்க்கா, கிரிம்சல். புர்க்கா 2,429 மீற்றர். ரோன் பனியாற்றின் ஓரத்துக்கு வெள்ளைப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள், வெயிலில் உருகாமல் இருக்க. பக்கத்தில் மூடிக் கிடக்கும் பழைய ஹோட்டல். நோயாளியின் கட்டிலருகே நிற்பதுபோல் இருந்தது, அதிக நேரம் நிற்கவில்லை.

இறக்கத்தில் ஏழு கியர் முறைக்கு மாற்றினேன். தானியங்கி முறையில் இறங்கினால் வண்டி சற்றுத் தாராளமாகவே ஓடும், பிரேக் சூடாகும். மூன்றில் வைத்தால் இயந்திரமே இழுத்துப் பிடிக்கிறது. கிரிம்சலில் இருந்து இனெர்ட்கிர்ஹன் வரை பிரேக்கை விரலால் எண்ணும் அளவுக்கே தொட்டேன்.

செப்டெம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை

அப்பாவின் ஹொண்டாவின் கைப்பிடியைப் படம் எடுத்து அனுப்பும்படி பருத்தித்துறையில் இருக்கும் தம்பியிடம் கேட்டிருந்தேன். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில், நாலு துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டி அது. இப்போது மாட்டுக் கொட்டிலில் நிற்கிறது.

படம் வந்தது. வலது கைப்பிடியின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது, ஓரிடத்தில் உள்ளிருக்கும் உலோகம் தெரிகிறது. இடது கைப்பிடியில் ரப்பரின் வரிகள் அப்படியே இருக்கின்றன. தூசியைத் துடைத்தால் புதிது என்று சொல்லலாம். தம்பி அதைக் கவனிக்கவில்லை. ஏன் இதைக் கேட்டீர்கள் என்று எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கி, இடது பக்கத்தை மட்டும் வெட்டித் திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 6, திங்கட்கிழமை

வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில் இலக்கத் தகட்டை ஒப்படைத்துவிட்டேன். மாரி முடியும்வரை வரியும் காப்புறுதியும் இல்லை. ஆணியைக் கழற்ற இடது கை உதவவில்லை, மனைவி வந்து திருகித் தந்தாள்.

பற்றறியைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். ராங்கியை நிரப்பினேன்: 13.2 லீற்றர், 41,065 கிலோமீற்றர். கொப்பியில் எழுதிவிட்டேன். இன்னும் பதினொரு பக்கம் வெறுமையாக இருக்கிறது.