கருப்பைவாய்ப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த பிறகு

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்குச் செய்யும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் எனக்கு ‘பாசிட்டிவ்’ என்று எழுதி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு கொடுத்தார்கள். அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது ஏதாவது ஓரிடம் வெளுத்துத் தெரிந்தால் அப்படி எழுதுவார்கள் என்றும், சாதாரண அழற்சியாலும் அவ்விடம் வெளுக்கக்கூடும் என்றும் செவிலியர் பொறுமையாக விளக்கினார். அவ்வளவு சொல்லியும், வீட்டில் சீட்டைக் காட்டியதும் மாமியார் அழத் தொடங்கிவிட்டார்.

மகளிர் நோய்ப் பிரிவில், கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபி செய்தார்கள். கால்களைத் தாங்கியில் வைத்துப் படுத்திருக்க, மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியை வெளியே நிறுத்தி, கருப்பைவாயில் முதலில் அமிலக் கரைசலையும் பிறகு அயோடினையும் தடவினார். நலமான திசுவில் கிளைகோஜன் இருப்பதால் அது அயோடினில் கரும்பழுப்பாக மாறும். எனக்கு ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் திட்டு மாறாமல் நின்றதைத் திரையில் நானே பார்த்தேன். அங்கிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி ஃபார்மலின் குப்பியில் போட்டபோது, மாதவிடாய் வலி போல அடிவயிறு ஒருமுறை இழுத்து அடங்கியது. சில நாள்கள் லேசாக இரத்தம் படும், மிகுதியாகப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கிள்ளி எடுத்த சதையைச் சோதித்த பயாப்சி முடிவு ‘சிஐஎன் 1’ என்று வந்தது. எச்பிவி என்னும் வைரஸ் தொற்றால் செல்களில் ஏற்படும் இலேசான மாற்றம் இது, பெரும்பாலும் உடலே இதைச் சரிசெய்துகொள்ளும், எனவே இப்போது சிகிச்சை வேண்டாம், ஓராண்டு கழித்துக் கட்டாயம் வர வேண்டும் என்றார் மருத்துவர். சிஐஎன் 2 அல்லது 3 என்றிருந்தால், மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை அகற்றும் லீப் சிகிச்சை தேவைப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னார்.

உண்மையில் கடினமாக இருந்தது அந்த ஓராண்டுதான். வலியில்லை, இரத்தப்போக்கில்லை, மாத்திரைகூட இல்லை. ‘மருந்தே வேண்டாம் என்றால் நோயே இல்லை, பிறகு எதற்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறாய்’ என்று உறவினர்கள் கேட்டார்கள். செல் மாற்றம் புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும், அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் முழுமையாகத் தடுக்கலாம் என்பதை என் கணவர் புரிந்துகொண்டார். அவரே தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்தார்.

மறு ஆண்டு, கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் எச்பிவி பரிசோதனையும் செய்தார்கள். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு நாள் முன்பிருந்தே தாம்பத்திய உறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்த்துச் சென்றேன். பழைய பயாப்சி அறிக்கையைக் கையோடு கொண்டுபோனதால் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு முடிவுகளும் இயல்பாக இருந்தன. அடுத்த பரிசோதனைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.