பிரைமரில் வரப்பு கட்டினால் போல்ட்டையும் கொஞ்சம் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலையும் தென்னையும் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் காட்டுப்பன்றிப் பேச்சுதான். 2022-ல் கேரள அரசு பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து, வருஷக்கணக்கில் பீரோவுக்குள் கிடந்த லைசன்ஸ் துப்பாக்கிகள் மறுபடி வேலைக்கு வந்திருக்கின்றன. என்னிடம் இருப்பது, தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் திறக்கிற, லீ-என்ஃபீல்ட் வகைப் பழைய .315 போல்ட் ஆக்‌ஷன். அதில் வந்த ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே யாரைக் கேட்டாலும் "தோட்டா சரியில்லை, மருந்து ஜாஸ்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

சுட்டு முடித்த கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஃபயரிங் பின் (போல்ட்டுக்குள்ளிருந்து வந்து குத்தும் ஊசி) குத்திய குழியைச் சுற்றி பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தகடு வயல் வரப்பு மாதிரி மேலே எழும்பி நின்றது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. வெடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் பிரைமர் தகட்டைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் முகத்தில் பின் வெளியே வரும் ஓட்டைக்கும் பின் நுனிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் தகடு அதற்குள் பிதுங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆக, அழுத்தம் கூடினாலும் வரப்பு வரும், ஓட்டை பெருத்தாலும் வரும், பின்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் தளர்ந்தாலும் வரும், தகடே மெலிசாக இருந்தாலும் வரும்.

எது என்று பிரிக்க, வரப்பை விட்டுவிட்டு பிரைமரின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தம் அதிகம் என்றால் ஓரத்து வளைவு நசுங்கித் தட்டையாகிவிடும், போல்ட்டைத் தூக்கவும் கை வலிக்கும். என் கேஸ்களில் ஓரம் உருண்டையாகவே இருந்தது, போல்ட்டும் வழுக்கிக்கொண்டு திறந்தது. வேறு லாட் தோட்டாவிலும் அதே வரப்பு. கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் உறுப்பு) பதிந்த தடம் இருக்கிறதா, இருந்தால் அழுத்தம் ஜாஸ்தி என்று சிலர் கேட்பார்கள். லீ-என்ஃபீல்ட் வகை ஆக்‌ஷனில் போல்ட் முகத்தில் எஜெக்டரே கிடையாது, அந்தத் தடத்தை இதில் தேடிப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். ரிப்பேருக்கே லைசன்ஸ் வேண்டும் என்பது ஆயுதச் சட்டம், ஊர் லேத் பட்டறையில் கொடுக்கக் கூடாது. அவர் போல்ட் தலையைத் திருகிக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் உள்பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. பின் நுனியை அதில் நுழைத்து ஆட்டினால் பக்கவாட்டில் நன்றாகவே ஆடியது. ஒன்றிரண்டு தௌ இடைவெளிதான் இருக்க வேண்டும் என்றார் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஸ்பிரிங்கும் சோர்ந்து போயிருந்தது, போல்ட் குழாய்க்குள் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது.

மற்ற ரைபிள்களில் இதற்கு ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, புஷ் (சின்ன உலோக வளையம்) அடித்து, பின் நுனியை மெலிதாகக் கடைந்து பொருத்துவார்கள். நல்ல வேலை, ஆனால் கை தேர்ந்தவர் செய்ய வேண்டும். நம் ஆக்‌ஷனில் ஒரு பெரிய வசதி, போல்ட் தலை தனித் துண்டு. அதை மாற்றினாலே புது ஓட்டை கிடைத்துவிடும். ஆனால் தலைக்குத் தலை நீளம் கொஞ்சம் மாறும், அதனால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. மேஸ்திரி தலையை மாற்றி, கேஜ் வைத்துப் பார்த்து, புது ஸ்பிரிங் போட்டு, பின் எவ்வளவு வெளியே நீள்கிறது என்றும் அளந்த பிறகுதான் கையில் கொடுத்தார். இப்போது குழியைச் சுற்றி மெல்லிய கோடு மட்டும் தெரிகிறது. அந்த அளவுக்கு நான் கவலைப்படுவதில்லை.

வரப்போடு நடுவில் பொத்தலும் விழுந்திருந்தால் கதை வேறு. பிரைமர் கிழிந்து சூடான வாயு போல்ட்டுக்குள் புகுந்து பின்னால் வருகிறது என்று அர்த்தம், அது நேரே சுடுகிறவன் முகத்துக்குத்தான் வரும். அந்தத் துப்பாக்கியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பின் நுனியும் அரித்துப் போயிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் தோட்டாவை ஜீப் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், மருந்து சூடானால் அழுத்தம் ஏறும். மேஸ்திரியிடம் போகும்போது சுட்ட கேஸ்களைத் துடைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.