ஒரு ஐசி, ஆறு குரல்கள்

இசைக்கருவி செய்யக் கற்றுத்தரும் பட்டறைகளில் பலர் 555 என்ற டைமர் ஐசியில் (சிப்பில்) தொடங்குகிறார்கள். முதல் பட்டறைக்கு என் தேர்வு சிடி40106. பதினான்கு கால், உள்ளே ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர்கள் (இன்புட் உயர்ந்தால் அவுட்புட்டைத் தாழ்த்தும், தாழ்ந்தால் உயர்த்தும் சுற்றுகள்). ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தால் ஒவ்வொன்றும் தனி ஆஸிலேட்டர், அதாவது தானாக அதிர்ந்து ஒலி தரும் சுற்று. முதன்முறை வருகிறவர் தன் கையால் கட்டியதன் சத்தத்தை அரை மணி நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். அதனால் காலையில் பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பலகை) மட்டும் போதும், சால்டரிங் மதியத்துக்கு மேல்.

ஐசியின் அரைவட்ட வெட்டு இடப்பக்கம் இருந்தால், இடது கீழ் மூலையில் இருப்பது 1-ஆம் கால். அங்கிருந்து கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் 14-க்கு, மைனஸ் 7-க்கு. அந்த இரண்டுக்கும் நடுவே, ஐசியை ஒட்டி, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் (மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்). 1-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸுக்கு) இன்னொரு 104. 1-க்கும் 2-க்கும் இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரும் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) தொடராக. ஒலி 2-ஆம் காலில் வரும்.

1.2-ஐ ரெசிஸ்டர் (ஓமில்), கெப்பாசிட்டர் (ஃபாரடில்) மதிப்புகளின் பெருக்கத்தால் வகுத்தால் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். மேலே சொன்ன மதிப்புகளுக்கு ஏறக்குறைய 110 முதல் 1200 ஹெர்ட்ஸ். பலரும் 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டர் வாங்கிவந்துவிடுகிறார்கள். அதில் பாதித் திருப்பலிலேயே 24 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சுருதியாகக் கேட்கிற பகுதி முழுவதும் ஒரு ஓரத்தில் நெருங்கிக் கிடக்கும், கையால் நிறுத்தவே முடியாது. பொட்டென்ஷியோமீட்டர் இடத்தில் எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) போட்டால், கை நிழலுக்கே சுருதி ஏறி இறங்கும்.

வெளியே எடுக்கும்போது கவனம். 9 வோல்ட் சதுர அலையை நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு அவுட்புட்டிலும் 100 கிலோஓம் போட்டு, மறுமுனைகளை ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். பிறகு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஆடியோ ஜாக்குக்கு. மிக்ஸரும் இதுவே. ரெசிஸ்டர் இல்லாமல் இரண்டு அவுட்புட்டை முறுக்கிச் சேர்த்தால் ஒன்று மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும், ஐசி சூடாகும்.

சத்தமே வராவிட்டால் முதலில் ஐசியின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 74எச்சி14-க்கும் இதே கால் வரிசைதான், ஆனால் அது 6 வோல்ட் வரைதான் தாங்கும். 9 வோல்ட்டில் போய்விடும். சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்த சந்தேகம் பிரெட்போர்டு: நீளமான சில போர்டுகளில் பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், ஒரு ஒயர் போட்டு இணைக்க வேண்டும். பயன்படுத்தாத இன்புட்டுகளை (3, 5, 9, 11, 13) கிரவுண்டு செய்யாவிட்டால் இரைச்சல் நுழையும். அவசரத்தில் அவுட்புட் கால்களையும் கிரவுண்டு செய்துவிடுகிறார்கள், அது ஷார்ட். பேட்டரியைத் திருப்பி மாட்டினாலும் ஐசி போகும். பிளஸ் வழியில் ஒரு 1என்4007 டையோடு காப்பாற்றும். 14-க்கும் 7-க்கும் நடுவே உள்ள கெப்பாசிட்டரை விட்டுவிட்டால் ஆஸிலேட்டர்கள் ஒன்றையொன்று இழுத்து ஒரே சுருதியில் பூட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் வேண்டுமென்று செய்வதாக இருக்கட்டும்.

சால்டர் செய்ய ஜீரோ போர்டும் (துளைகள் நிறைந்த பொதுப் பலகை) 14 கால் சாக்கெட்டும். 60/40 ஈயம், 0.8 மில்லிமீட்டர், 350 டிகிரி. தகட்டையும் காலையும் சேர்த்துச் சூடாக்கிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். ஐசியைக் கடைசியில்தான் செருக வேண்டும். சாப்பிடும் முன் எல்லாரும் கை கழுவ வேண்டும், இது ஈயம்.

நேரம் மிஞ்சினால் தாளம். 3-ஆம் காலின் கிரவுண்டு இணைப்பை எடுத்துவிட்டு, இரண்டாவது இன்வெர்ட்டரில் (3, 4) முதலாவதைப் போலவே 10 மைக்ரோஃபாரட்டும் 100 கிலோஓமும் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பு. 4-ஆம் காலிலிருந்து 1-ஆம் காலுக்கு ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை 1-ஐப் பார்த்து. முதல் ஆஸிலேட்டர் விட்டுவிட்டு ஒலிக்கும். டையோடைத் திருப்பினாலும் வேலை செய்யும். ஒலிக்கும் நேரமும் நிற்கும் நேரமும் இடம் மாறும்.