மடித்துத் தைத்த இரண்டு விரல்கள்

சாலை போடும் இடத்தில் இன்று காலை பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. கொடி பிடித்திருந்தவரின் கையுறையில் இரண்டு விரல்கள் உள்பக்கமாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தன.

அவரே தைத்ததாம். காலியாகத் தொங்கும் விரல் எதிலாவது மாட்டினால் மிச்சக் கையும் போய்விடுமே என்றார்.

தார்க் கலவை விரிக்கும் இயந்திரத்தில் அடைத்ததை எடுக்கக் கை விட்டிருக்கிறார். இயந்திரத்தை நிறுத்த விடவில்லை, வேலை அவசரம்.

“என் தப்புதான் சார்.”

அந்தச் சொல்தான் மனதை அறுக்கிறது. பல நாடுகளின் சட்டத்தில், இழப்பீட்டுக்கு யார் தப்பு என்பது முதல் கேள்வியே இல்லை. வேலையில் நடந்ததா என்பதுதான் கேள்வி. சிகிச்சையும் உழைப்புத் திறன் இழப்புக்கான தொகையும் உரிமை என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 121ஆம் உடன்படிக்கை 1964லேயே சொல்லிவிட்டது.

அவருக்குக் கிடைத்தது முதல் வார மருந்துச் செலவு. அப்புறம் இந்தக் கொடி. அதையும் தயவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விபத்தை எழுத்தில் பதிந்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். மருத்துவமனைச் சீட்டு? இருக்கிறது. கூட இருந்து பார்த்தவர்கள்? இருவர். அதை வைத்தே கேட்கலாம், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள் என்றேன்.

“கேட்டா இந்த வேலையும் போயிடுமே சார்” என்றபடி பச்சைக் கொடியை உயர்த்தினார்.