மாணவர்களுக்கு ஒரு சமிக்ஞைப் பிறப்பாக்கி

ஹட்டனில் உயர்தரப் பௌதிகவியல் கற்கும் பிள்ளைகள், பரிவுக் குழாய்ப் பரிசோதனையில் இசைக்கவைகளோடு நின்றுவிடாமல் விரும்பிய மீடிறனை ஒலிபெருக்கியில் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஆர்டுயினோ ஊனோ என்னும் நிரல்படுத்தக்கூடிய சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு ஓர் அலைவடிவப் பிறப்பாக்கியை வடிவமைத்து வருகிறேன்.

சதுர அலைக்குப் பலகையின் ஒரு முனையின் வோல்ற்றளவை மாறி மாறி உயர்த்தித் தாழ்த்தினால் போதும். சைன் அலைக்கோ, ஒரு முழு அலையின் 256 பெறுமானங்களை அட்டவணையாக நினைவகத்தில் வைத்து, செக்கனுக்கு 62,500 தடவை 32 பிட் எண்ணியொன்றில் ஒரு மாறா எண்ணைக் கூட்டி, அதன் மேல் 8 பிட்டுகள் சுட்டும் பெறுமானத்தைத் தடையி ஏணியின் (10, 20 கிலோ ஓம் தடையிகளை ஏணிபோல் இணைத்த சுற்றின்) வழியே வோல்ற்றளவாக மாற்ற வேண்டும். கூட்டும் எண்ணே மீடிறனைத் தீர்மானிக்கிறது; 1,000 ஹேர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 6 கோடியே 87 இலட்சம். இந்த முறையின் அழகு என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

ஏணிக்கு 10 கிலோ ஓம் தடையிகள் 25 போதும். 20 கிலோ ஓம் வேண்டிய இடங்களில் இரண்டைத் தொடராக இணைக்கலாம். ஆனால் 8 பிட்டில் ஒரு படி முழு வீச்சின் 0.4 சதவீதம்தான் என்பதால், 5 சதவீத வழுவுள்ள தடையிகள் உதவா. 1 சதவீதத் தடையிகளை வாங்கினாலும், பல்மானியால் அளந்து, மிக நெருங்கி ஒத்தவற்றை மேல் பிட்டுகளுக்கு ஒதுக்குங்கள். எட்டு பிட்டுகளும் ஒருசேர மாறும், 127இலிருந்து 128க்குத் தாவும் இடத்தில்தான் அலை முதலில் உடைகிறது.

ஏணியின் வெளியீட்டை நேரடியாக ஒலிபெருக்கிக்குக் கொடுக்காமல், இடையில் ஒரு செயற்பாட்டு விரியலாக்கியை (op-amp) சேருங்கள்.